இரவில் விதைக்கும் மரநாய்

பதநீர் இறக்கும் காலம் வந்துவிட்டால் விருதுநகர் மாவட்டத்துப் பனங்காடுகளில் ஒரு முறையீடு எழுவதுண்டு. மாலையில் பாளையைச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கிய பனையேறி, விடியற்காலையில் ஏறிப் பார்க்கிறார். ஒரு கலயத்தில் பாதிதான் இருக்கிறது. மட்டையின் மீது நகக் கீறல்கள் தெரிகின்றன. “மரநாய் வேலை” என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த மரத்துக்குப் போகிறார்.

திருடனை நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே. அது மனிதர் உறங்கிய பின் எழுந்து, கோழி கூவுமுன் படுக்கப் போய்விடும். நிலா நன்றாகக் காயும் இரவுகளில் அதன் நடமாட்டம் குறைந்துவிடுகிறது என்பதை நேபாளத்தின் சித்வன் காட்டில் ஆராய்ந்தவர்கள் கண்டறிந்தனர். ஓட்டு வீடுகளில் வசிக்கும் மாணவர்கள் சிலர், நள்ளிரவில் கூரை மேல் யாரோ மெல்ல நடப்பது போன்ற ஓசையைக் கேட்டிருக்கலாம். வீட்டில் பெரியவர்கள் பூனை என்று சொல்லியிருப்பார்கள். பூனையாகவும் இருக்கலாம், மரநாயாகவும் இருக்கலாம்.

மரநாயின் உடல் ஏறத்தாழ அரை மீட்டர் நீளமுடையது. வாலும் ஏறக்குறைய அதே நீளம். எடை 2 முதல் 5 கிலோகிராம் வரை. சாம்பல் நிறமான சொரசொரப்பான மயிர். முதுகில் மூன்று கரிய கோடுகள். முகத்தில் முகமூடி கட்டியது போன்ற கருமை. உள்ளங்கால்களில் மயிர் இல்லை. நாம் நடப்பதைப் போலவே பாதம் முழுவதையும் ஊன்றி நடக்கும். நகங்களை ஓரளவு உள்ளிழுத்துக்கொள்ள முடியும். பனை மரத்தின் செங்குத்தான உடலில் ஏற இந்தக் கால்களும் நகங்களும் எவ்வளவு பொருத்தமானவை என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

நாயா, பூனையா?

நம் மக்கள் இதனை நாய் என்றார்கள். இந்நாட்டுக்கு வந்த ஆங்கிலேயர் ‘கள்ளுப் பூனை’ என்று பொருள்படும்படி பெயரிட்டார்கள். இரு பெயர்களும் பொருந்தவில்லை. விலங்கியலார் இத்தகைய வழக்குகளைத் தீர்க்கப் பெரும்பாலும் பற்களைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். நாய்க்கு 42 பற்கள்; பூனைக்கு 30; மரநாய்க்கு 40. ஆகவே அது நாயுமன்று, பூனையுமன்று.

பாலூட்டிகளில் ஊனுண்ணிகள் என்றொரு வரிசை உண்டு. அந்த வரிசை பூனைக் கிளை, நாய்க் கிளை என இரண்டாகப் பிரிகிறது. மரநாய் பெயரில் நாயாக இருந்தாலும் பிறப்பில் பூனைக் கிளையைச் சேர்ந்தது. அக்கிளையில் அதற்கு அக்கம்பக்கத்து உறவினர் கீரியும் கழுதைப்புலியும் ஆவர்! மரநாயின் சொந்தக் குடும்பம் புனுகுப் பூனைக் குடும்பம். விவெர்ரிடே என்பது அதன் அறிவியல் பெயர்.

மரநாயின் அறிவியல் பெயர் பாரடாக்சூரஸ் ஹெர்மாப்ரோடிடஸ். முதல் சொல்லுக்குப் ‘புதிரான வால்’ என்று பொருள். இரண்டாவது சொல் இன்னும் வேடிக்கையானது. ஆணும் பெண்ணும் ஒரே உடலில் அமைந்தது என்பது அதன் பொருள். மரநாயில் ஆண் வேறு, பெண் வேறுதான். ஆனால் இரண்டுக்குமே வாலின் அடியில் வாசனைச் சுரப்பிகள் உள்ளன. அவை பார்வைக்கு ஆணின் விரைகளைப் போல் தோன்றும். 1777-ஆம் ஆண்டில் பீட்டர் பல்லாஸ் என்ற இயற்கை அறிஞர் சூட்டிய பெயர் அது. தோற்றத்தால் விளைந்த குழப்பம் தீர்ந்த பின்னும், முதலில் சூட்டிய பெயரையே வைத்துக்கொள்வது அறிவியல் மரபு என்பதால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஊரார் மரநாயையும் புனுகுப் பூனையையும் ஒன்றாக எண்ணிவிடுவதுண்டு. கோயில் வழிபாட்டிலும் வாசனைப் பொருள்களிலும் பயன்பட்ட புனுகைத் தருவது வேறு விலங்கு. அது பெரும்பாலும் தரையிலேயே திரிவது. உடலில் புள்ளிகளும் வாலில் வளையங்களும் உடையது. புனுகின் மணத்துக்குக் காரணமான பொருளின் பெயர் சிவெட்டோன். அதன் மூலக்கூறில் 17 கார்பன் அணுக்கள் கைகோத்து ஒரே பெரிய வளையமாக நிற்கின்றன. அவ்வளவு பெரிய வளையம் இருக்கவே முடியாது என்று வேதியியலார் எண்ணியிருந்த காலத்தில், 1926-ஆம் ஆண்டில் அதனை மெய்ப்பித்தவர் லெயோபோல்டு ருசிக்கா. அவருக்கு 1939-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அம்மணத்தை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்க முடிகிறது. அதற்காக எந்த விலங்கையும் கூண்டில் அடைக்க வேண்டியதில்லை.

ஊனுண்ணி பழம் தின்னலாமா?

கண்ணாடி முன் நின்று உங்கள் கடைவாய்ப் பற்களைப் பாருங்கள். மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, அம்மியைப் போல் இருக்கும். பூனையின் வாயில் அப்படியன்று. மேல் தாடையின் கடைசி முன்கடைவாய்ப் பல்லும் கீழ்த் தாடையின் முதல் பின்கடைவாய்ப் பல்லும் கத்தரிக்கோலின் இரு அலகுகளைப் போல் ஒன்றோடொன்று உரசி இறைச்சியை வெட்டும். ஊனுண்ணி வரிசையின் அடையாளமே இந்த வெட்டுப் பற்கள்தாம். மரநாய்க்கும் இவை உண்டு. ஆனால் கூர் மழுங்கி, வெட்டுவதைவிட நசுக்குவதற்கு ஏற்றவையாக மாறியுள்ளன.

வரிசையின் பெயர் முன்னோரைக் குறிக்கிறது. இன்றைய உணவை அன்று. மூங்கில் தின்று வாழும் சீனத்துப் பாண்டாவும் இதே ஊனுண்ணி வரிசையில்தான் இடம்பெற்றிருக்கிறது. எனவே தேர்வில் “ஊனுண்ணி வரிசையைச் சேர்ந்தவை எல்லாம் ஊன் மட்டுமே உண்ணும்” என்று எழுதிவிடாதீர்கள்.

மரநாய் எலி, ஓணான், வண்டு, நத்தை, சிறு பறவை ஆகியவற்றைத் தின்னும். கோழிக்குஞ்சையும் தூக்கும், அதனை மறைப்பதற்கில்லை. எனினும் அதன் நாட்டம் பழங்களின் மீதுதான். அத்தி, ஆல், நாவல், இலந்தை, ஈச்சம்பழம், பனம்பழம், மாம்பழம், கொய்யா, பப்பாளி என்று பருவத்துக்கேற்ற பட்டியல் அதனிடம் உண்டு. தேர்ந்தெடுப்பதிலும் அது கெட்டிக்காரி. நன்றாகக் கனிந்த பழத்தை மோப்பத்தால் கண்டுபிடித்துக் காயை விட்டுவிடும்.

பழத்தை விழுங்கியபின் நடப்பதுதான் கவனிக்கத்தக்கது. மாடு, ஆடு ஆகியவற்றைப் போல் நாள் கணக்கில் அசைபோட்டுச் செரிக்கும் நீண்ட உணவுப்பாதை ஊனுண்ணிகளுக்குக் கிடையாது. மரநாயின் குடலைச் சில மணி நேரத்துக்குள் உணவு கடந்துவிடுகிறது. சதை செரித்துவிடும். விதை கடிபடாமல், சிதையாமல், அப்படியே வெளியே வரும். மரநாய் ஊனுண்ணிகளின் எளிய குடலையும் பழந்தின்னிகளின் நாவையும் ஒருங்கே பெற்றிருப்பதால்தான் இது இயலுகிறது. கிளி விதையைக் கொறித்துத் தின்றுவிடுகிறது. குரங்கு பல விதைகளை அருகிலேயே துப்பிவிடுகிறது. தாய் மரத்தின் நிழலில் விழும் விதைக்கு வாழ்வு அரிது என்பது உங்களுக்குத் தெரியும். மரநாயோ விதையைச் சுமந்துகொண்டு இருட்டில் நெடுந்தூரம் போகிறது.

எங்கே போய் இடுகிறது? மலேசியாவின் சபா மாநிலத்தில் தபின் காட்டில் இதனை ஆராய்ந்தார்கள். அடர்ந்த காட்டுக்குள்ளே மரநாய் திறந்த வெளியான இடங்களை நாடி எச்சமிடுகிறது என்று கண்டார்கள். மரம் சாய்ந்து வெயில் விழும் இடம், ஓடைக்கரை, மழைநீர் ஓடிய தடம் போன்றவை அவை. வெயிலும் ஈரமும் தேவைப்படும் நாற்றுக்கு இதைவிட நல்ல பாத்தி வேறில்லை. நம் ஊர் மரநாய்க்கு மொட்டைமாடியும் மதிற்சுவரும் திறந்த வெளிதான். அங்கே விழும் விதை வீண்தான். இயற்கையின் வேலையில் சேதாரம் அதிகம்.

இந்தோனேசியாவில் இதே மரநாய் தின்று கழித்த காப்பிக் கொட்டையைக் கழுவி வறுத்துப் பெரும் விலைக்கு விற்கிறார்கள். தோட்டத்தில் தானாக உதிர்ந்ததைப் பொறுக்கிய காலம் போய், மரநாய்களைச் சிறு கூண்டுகளில் அடைத்துக் காப்பிப் பழத்தைத் திணிக்கும் வழக்கம் பரவியது. அந்தக் காப்பியைக் குடிக்காதவர்களுக்கு ஒன்றும் நட்டமில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சிவகாசியிலிருந்து எந்தத் திசையில் சென்றாலும் ஒரு காட்சியைக் காணலாம். ஒற்றைப் பனை நிற்கும். அதன் மட்டைகளின் இடுக்கிலிருந்து ஓர் ஆலமரம் முளைத்து, விழுதுகளை இறக்கிப் பனையையே கட்டித் தழுவியிருக்கும். அங்கே ஆலை நட்டவர் யார்? பெரும்பாலும் மைனா, குயில் போன்ற பறவைகள். சில இடங்களில் வௌவால். சில இடங்களில் பதநீருக்கு ஏறிய நம் மரநாய். ஆலம்பழத்தின் விதை கடுகிலும் சிறியது. பனைமட்டையின் இடுக்கில் சேர்ந்த மட்கே அது முளைக்கப் போதும்.

மேற்கே மலையில்

சிவகாசி மழை குறைந்த கரிசல் பூமி. காற்று வறண்டிருப்பதால் தீப்பெட்டியும் பட்டாசும் ஈரம் உறிஞ்சாமல் காய்கின்றன. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தொழில் இங்கே வேரூன்றியதற்கு இவ்வறட்சியும் ஒரு காரணம். அதே மாவட்டத்தின் மேற்கு எல்லையில் மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நிற்கிறது. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் அங்கிருந்தே இறங்கிச் சமவெளிக்கு வருகின்றன. வெம்பக்கோட்டை அணை வைப்பாற்றின் குறுக்கே கட்டப்பட்டதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைக்காடு 1988-ஆம் ஆண்டில் சாம்பல் நிற மலை அணிலுக்கான சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021-இல் அதனையும் மேகமலைச் சரணாலயத்தையும் இணைத்து, ஆயிரம் சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட புலிகள் காப்பகம் உருவாயிற்று. அடிவாரத்துச் செண்பகத்தோப்பில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும் காட்டைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. மரநாய்க்கு அங்கே எல்லைக்கோடு கிடையாது.

மலையின் உச்சிப் பகுதிகளில், ஈரம் மிக்க மழைக்காடுகளில், இதன் நெருங்கிய உறவினமான பழுப்பு மரநாய் வாழ்கிறது. முதுகில் கோடுகள் இல்லாத இவ்வினம் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 1885-இல் பிளான்ஃபோர்டு என்பவர் இதனை விவரித்து, ஜெர்டன் என்ற இயற்கை அறிஞரின் பெயரைச் சூட்டினார். மேகமலைப் பகுதியிலும் இது உண்டு. ஆயினும் இதனைப் பற்றி நூறாண்டுக்கு மேலாக எவரும் விரிவாக ஆராயவில்லை. 1990-களின் பிற்பகுதியில் திவ்யா முத்தப்பா என்ற ஆய்வாளர் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தில் தங்கி, சில மரநாய்களின் கழுத்தில் சிறு வானொலிக் கருவி பொருத்தி, அவற்றின் இரவுப் பயணத்தையும் பகல் உறக்கத்தையும் பின்தொடர்ந்தார். எச்சங்களைச் சேகரித்து அலசிப் பார்த்ததில் 50-க்கும் மேற்பட்ட வகைத் தாவரங்களின் பழங்களை அவை தின்பது தெரியவந்தது. பெரிய விதையுள்ள மழைக்காட்டு மரங்கள் பல அவற்றுள் அடங்கும். அத்தகைய விதையைச் சிறு பறவையால் விழுங்க இயலாது. இருவாச்சி போன்ற பெரும் பறவை இல்லாத இடங்களில் அம்மரங்களுக்கு வாகனம் மரநாய்தான். வெடிப்பலா என்றொரு மரம் அங்கே உண்டு. அதன் பழமில்லாத நாள்களில் சதைப்பற்றுள்ள பூக்களையே மரநாய் மெல்லும்.

பட்டாசுக்குத் தேவையான வறண்ட காற்றைச் சமவெளி தருகிறது. அங்கே வேலை செய்வோர் குடிக்கும் ஆற்று நீரை மலைக்காடு தருகிறது. அக்காட்டுக்கு விதை சுமக்கும் கூலியாட்களில் ஒருவர், பகலில் கண்ணில் படாதவர்.

கூலி என்ன?

மரநாய் கேட்கும் கூலி பகலில் படுக்க ஓர் இடம். அதில்தான் சிக்கல் இருக்கிறது. களக்காட்டில் பின்தொடர்ந்தபோது, மரநாய்கள் பெரிய மரங்களின் பொந்துகளிலும், உச்சியில் கொடிகள் பின்னிக்கிடந்த புதர்களிலும், மலை அணில் கட்டிய கூடுகளிலும் உறங்கின. பெண் மரநாய் குட்டி போடுவதற்கும் பொந்து தேவை. சுமார் இரண்டு மாதம் கருவைச் சுமந்து 2 முதல் 5 குட்டிகள் வரை ஈனும்.

பொந்து எப்படி உண்டாகிறது? கிளை முறிந்த காயத்தின் வழியே பூஞ்சை நுழைகிறது. உள்மரம் மெல்ல மெல்ல இற்றுப்போகிறது. கறையானும் மரங்கொத்தியும் அதனை விரிவாக்குகின்றன. ஒரு மரநாய் உடலைச் சுருட்டிப் படுக்கும் அளவுக்குப் பொந்து அமைய மரம் பல பத்தாண்டுகள் நின்றாக வேண்டும். இளமரத்தில் பொந்து இல்லை.

தீக்குச்சிக்கு உதவும் மரங்களில் ஒன்று பெருமரம்; பீநாறி என்றும் சொல்வர். விரைவில் வளர்வது, மென்மையானது, ஏழெட்டு ஆண்டுகளில் வெட்டிவிடலாம். உழவருக்கு அதில் வருமானம் உண்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தீப்பெட்டிக்குத் தேவையானது இளமரம், மரநாய்க்குத் தேவையானது கிழமரம். ஒரு பகுதியில் நிற்பவை எல்லாம் பெருமரமும் சீமைக் கருவேலுமாக ஆகிவிட்டால், மரங்களின் எண்ணிக்கை கூடியிருந்தாலும் மரநாய்க்கு வீடில்லை. பொந்துள்ள புளியமரம் சாலை விரிவாக்கத்தில் போகிறது. காவோலைகள் தொங்கும் பழம் பனை செங்கல் சூளைக்கு விறகாகப் போயிற்று. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. கிழப் புளிக்கும் மாவுக்கும் அப்படி எவரும் அறிவிக்கவில்லை. ஊர் பராமரிக்கும் கோயில் தோப்புகளில்தான் இன்றும் பெருமரங்கள் மிஞ்சியிருக்கின்றன.

மரம் இல்லாதபோது மரநாய் வீட்டுப் பரணுக்கும் பழைய கிட்டங்கிக்கும் வருகிறது. அங்கே அதற்கு அடி விழுகிறது. அதன் கறி ஆஸ்துமாவைத் தீர்க்கும் என்றொரு நம்பிக்கை சில ஊர்களில் உண்டு. இதற்கு மருத்துவச் சான்று எதுவும் இல்லை. மாறாக, காட்டு விலங்கைப் பிடித்து அடைத்து அறுப்பதால் புதுநோய்கள் மனிதரைத் தொற்ற வழி பிறக்கிறது. 2003-இல் தென் சீனத்துச் சந்தைகளில் விற்கப்பட்ட, இதே குடும்பத்து விலங்கொன்றில் சார்ஸ் நோய்க் கிருமி காணப்பட்டது. சந்தையிலிருந்தும் பண்ணைகளிலிருந்தும் ஆயிரக்கணக்கில் அவற்றைக் கொன்றார்கள். அக்கிருமியின் பூர்வீகம் வௌவால்கள் என்பது பின்னரே தெரிந்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மரநாயைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும்.

காட்டுப்பன்றிக்கு வைக்கும் அவுட்டுக்காய் வேறொரு தீங்கு. வெடிமருந்தைத் தீனிக்குள் பொதிந்து வைப்பார்கள். கடிக்கும் எந்த விலங்குக்கும் வாய் சிதறும். அப்படிப்பட்ட உருண்டை ஏதேனும் தோப்பில் கிடந்தால் தொடவே வேண்டாம். பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள்.

பட்டாசின் ஓசையைப் பற்றியும் கேட்பீர்கள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் ஓசை எழுப்பும் வெடிகளை விதிகள் தடை செய்கின்றன. இருளில் காதையும் மூக்கையும் நம்பி வாழும் உயிருக்கு அந்த அளவே பெரிதுதான். சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வேட்டங்குடிக்கு வரும் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஆண்டில் சில நாள் ஓசையை விலங்குகள் ஒருவாறு பொறுத்துக்கொள்ளக்கூடும். போன பொந்து அடுத்த நாள் திரும்பி வராது. ஆகவே எது பெரிய இழப்பு என்று கேட்டால் கிழமரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

நீங்களே செய்து பார்க்க

மரநாயைத் தேடி இரவில் அலைய வேண்டாம். பட்டாசு ஆலை வளாகத்தின் பக்கம் விளக்குடன் போகவே கூடாது என்பதைச் சிவகாசி மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பகலில் அதன் எச்சத்தைத் தேடுங்கள். தோப்பின் வேலிச் சுவர், பாறை, சாய்ந்த மரம், பம்புசெட்டு மோட்டார் அறையின் கூரை ஆகியவற்றில் விரல் பருமனில், விதைகள் நிறைந்து கிடக்கும். பெரும்பாலும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் இருக்கும்.

கையுறை அணிந்து, குச்சியால் எடுத்து, ஒரு பழைய டப்பாவில் நீர் ஊற்றி ஊற வையுங்கள். அதில் புழுக்களின் முட்டை இருக்கலாம்; வெறுங்கையால் தொடக்கூடாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சல்லடையில் அலசினால் விதைகள் தங்கும். அவற்றை இனம் பிரியுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் உடனிருந்தால் இலந்தை எது, ஈச்சை எது என்று நொடியில் சொல்லிவிடுவார். எலும்புத் துண்டும் வண்டின் ஓடும் கிடைத்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மூன்று தொட்டிகளில் ஒரே மண்ணை நிரப்புங்கள். முதல் தொட்டியில் எச்சத்திலிருந்து எடுத்த இலந்தை விதைகள் இருபது. இரண்டாவதில் பழத்திலிருந்து எடுத்துச் சதையைக் கழுவி நீக்கிய விதைகள் இருபது. மூன்றாவதில் சதையோடு கூடிய முழுப் பழங்கள் இருபது. மூன்றுக்கும் ஒரே அளவு நீர் ஊற்றி, எது எந்த நாளில் முளைத்தது, எத்தனை முளைத்தன என்று எழுதி வாருங்கள். இலந்தைக் கொட்டையின் ஓடு கடினமானது. அவசரப்பட்டு இரண்டு வாரத்தில் தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். முளைத்த நாற்றுகளைப் பள்ளி வேலியோரம் மழைக்காலத் தொடக்கத்தில் மாற்றி நடலாம்.